9 மீட்டர் ஆழத்தில் கிளிஞ்சல்: கடல் இங்கே நின்றது என்று எழுதலாமா?

முள்ளியாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை நிலவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் மாமாவின் வயலில் சென்ற தை மாதம் கைபோர் போட்டபோது வெளிவந்த மண்ணை வைத்து ஆய்வேடு எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். மேலே 2 மீட்டர் வரை நாம் அன்றாடம் உழுகிற பழுப்பு வண்டல். அதற்குக் கீழே ஏறத்தாழ 7 மீட்டர் வரை மெல்லிய சாம்பல் நிற மணல், நல்ல தண்ணீர். அதன்பின் கருங்களி தொடங்கியது. அழுகிய முட்டை நாற்றம் வீசியதால் போர் போட்டவர்களே சற்று விலகி நின்றார்கள். 9 மீட்டர் வாக்கில் அந்தக் களியோடு மட்டிச் சிப்பிகளும், விரல் நீளத்துக்குக் கூம்புபோல் திருகிய நத்தை ஓடுகளும், கரிபோன்ற தழைத்துணுக்குகளும் வந்தன. 14 மீட்டரில் களியின் நிறம் திடீரென மாறி, சுக்கான் கற்கள் கலந்த இறுகிய மஞ்சள் மண் வந்தது. உவர்நீர்தான் கிடைக்கும் என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

கோடியக்கரைக் கடல் ஒரு காலத்தில் இந்த வயல் வரை இருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கிளிஞ்சலே கிடைத்துவிட்ட பிறகு அதை ஆய்வேட்டில் துணிந்து எழுதலாமா? கார்பன்-14 முறையில் ஒரே ஒரு மாதிரிக்குக் காலம் கணிக்க மட்டுமே என்னிடம் பணம் இருக்கிறது. இருப்பதிலேயே பெரிய சிப்பியை அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு: நெகிழிப் பையில் கட்டி வைத்திருந்த கருங்களி இரண்டு மாதத்தில் காய்ந்து, அதன்மேல் மஞ்சள் பொடியும் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும் சிறு படிகங்களும் பூத்திருக்கின்றன. மாதிரி கெட்டுவிட்டதா?

மட்டியும் மணலும்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் அவசரம் உண்டு. அந்தக் கருங்களியின் நாற்றத்துக்குக் காரணம் கந்தகம். உயிர்வளி புகாத உப்பங்கழிச் சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடும், இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமும் உண்டாகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்கடியில் சும்மா கிடந்த அந்தப் பைரைட், பையில் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த மஞ்சள் பொடி பெரும்பாலும் ஜாரோசைட் என்ற இரும்புச் சல்பேட் கனிமமாக இருக்கும். மின்னும் படிகங்கள் ஜிப்சம். அந்த ஜிப்சத்துக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்: உங்கள் கிளிஞ்சல்களும், கண்ணுக்குத் தெரியாத ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகளும் கரைந்துதான் அது உருவாகியிருக்கிறது. நீங்கள் கடலின் சான்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் அந்தச் சான்று கரைந்துகொண்டிருக்கிறது. மீதமுள்ள ஈரக் களியை உடனே காற்றுப் புகாமல் இறுகச் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம்.

இனி உங்கள் முதற்கேள்வி. மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிப்பி வந்தால் நாம் எல்லாரும் "உன் வயது என்ன?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன்னால் "நீ இங்கேயே வாழ்ந்தாயா, அல்லது கொண்டுவரப்பட்டாயா?" என்று கேட்க வேண்டும். நம் பகுதியில் சிப்பி இடம்பெயர்வதற்கான வழிகள் கொஞ்சமல்ல. புயலலை கொண்டுவரும், ஆறு பழைய கரையை அறுத்துக் கொண்டுவந்து போடும், சுண்ணாம்புக் காளவாய்க்கு மனிதர்கள் வண்டி வண்டியாகச் சுமந்திருக்கிறார்கள், இறால் குட்டை வெட்டியவர்களும் கொட்டியிருக்கிறார்கள். 9 மீட்டர் ஆழத்துக்குக் காளவாய் காரணமாக இருக்க முடியாது என்பது சரிதான், ஆனால் ஆறும் புயலும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மட்டியின் இரண்டு ஓடுகளும் மூடியபடியே, உள்ளே சேறு நிறைந்து கிடைத்தால், அது அந்தச் சேற்றிலேயே வாழ்ந்து அங்கேயே செத்தது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஏனென்றால் உயிர் போனதும் ஓடுகளைப் பிணைக்கும் தசைநார் விரைவில் அழுகிவிடும். அதன்பின் சிறிது தூரம் அலை உருட்டினாலே இரண்டும் பிரிந்துவிடும். விளிம்பு மழுங்கி, மேல்வரிகள் தேய்ந்து, ஒற்றை ஓடாகவே எல்லாம் கிடைத்தால் அது வந்தேறி. உங்கள் கூம்பு நத்தை டெலஸ்கோப்பியமாகவோ செரித்திடியாவாகவோ இருந்தால், அவை இன்றும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஊர்ந்துகொண்டிருக்கிற இனங்கள். அப்படியானால் நீங்கள் எழுத வேண்டிய சொல் "கடல்" அல்ல, "ஓதம் ஏறி இறங்கிய உப்பங்கழி". இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

உறுதிப்படுத்துவதற்கு ஃபொராமினிஃபெராவைப் பாருங்கள். கைப்பிடி ஈரக் களியைச் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டு, 63 மைக்ரான் சல்லடையில் மெல்ல நீர் விட்டுக் கழுவுங்கள், கையால் தேய்க்காதீர்கள். சல்லடையில் தங்குவதைக் காயவைத்து, சாதாரண இருகண் நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். சுருண்ட சிறு ஓடுகள், அதிலும் அமோனியா என்ற பேரினம் மிகுந்து, வகைகள் குறைவாக இருந்தால் அது உவர்ப்பும் நன்னீரும் கலந்த கழிமுகம். (பெயரைப் பார்த்து உர மூட்டையை நினைக்க வேண்டாம். எகிப்தியரின் ஆமோன் கடவுளுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அந்தக் கொம்பின் சுருளை வைத்துத்தான் இந்த உயிரிக்கும், அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட் என்ற சுருள் புதைபடிவத்துக்கும் பெயரிட்டார்கள்.) குளோபிஜெரினா போன்ற மிதவை வகைகள் கணிசமாக வந்தால்தான் திறந்த கடலைப் பற்றிப் பேச இடமுண்டு. சுண்ணாம்பு ஓடு ஒன்றுகூட இல்லாமல், மணற்துகள்களை ஒட்டிக் கட்டிய ஓடுகள் மட்டும் வந்தால் இரண்டு பொருள் இருக்கலாம்: அது உயர் ஓத எல்லையை ஒட்டிய கண்டற்சேறாக இருந்திருக்கலாம், அல்லது உங்கள் பை செய்த வேலையாக இருக்கலாம். அமிலத்துக்கு அந்த மணல் ஓடுகள் மட்டும் தப்பிவிடும். காய்ந்த மாதிரியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால்தான் ஈரக் களியை முதலில் காப்பாற்றச் சொன்னேன்.

சிக்கல் சாலை:

அரியலூரில் கிடைக்கும் கடற்படிவங்களும் இந்தக் கிளிஞ்சல்களும் ஒரே கடலைச் சேர்ந்தவைதாமே? கடல்கோள் பற்றி நம் இலக்கியங்கள் சொல்வதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

மட்டியும் மணலும்:

இரண்டும் வேறு வேறு, ஐயா. இடைவெளி கோடிக்கணக்கான ஆண்டுகள். அரியலூர்க் கடல் கிரிட்டேசியஸ் காலத்தது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா விலகியபோது உண்டான பள்ளத்தில் அது புகுந்தது. காரை, கல்லமேடு போன்ற ஊர்களில் நாம் பார்க்கும் அடுக்குகள் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை படிந்தவை. அதே காலத்துப் பாறைகள் நம் வயல்களுக்கு அடியிலும் மிக ஆழத்தில் உண்டு, எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் அவற்றைத் தொடுகிறார்கள். 9 மீட்டரில் கிடைக்கும் மட்டியோ நேற்று வந்தது. அதன் பேரப்பிள்ளைகளை இன்றும் முத்துப்பேட்டைச் சந்தையில் வாங்கலாம்.

கடல்கோளைப் பொறுத்தவரை, உங்கள் கேள்வி திசைமாறிப் போகிறது. கடல் வந்ததற்கான சான்றாக மட்டும் இந்த அடுக்கைப் பார்க்கிறீர்கள். உண்மையில் கடல் விலகி நிலம் உருவான கதையும் இதே அடுக்கில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. பனி உருக உருகக் கடல் வேகமாக ஏறியது. அந்த வேகம் தணிந்த பிறகுதான் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் ஒரே இடத்தில் நின்று சேர முடிந்தது. உலகின் பெரும்பாலான டெல்டாக்கள் 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்னுள்ள காலத்தில் வளரத் தொடங்கியதை ஸ்டான்லி, வார்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் தொகுத்துக் காட்டினார்கள். தம்பியின் கருங்களி அந்த மாற்றத்தின் உள்ளூர்ப் பக்கமாக இருக்கக்கூடும். அதை இலக்கிய வரியோடு முடிச்சுப் போட்டால் இரண்டுக்குமே நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

மகரந்தத் துகள்:

நான் மகரந்த ஆய்வில் இருக்கிறேன். எல்லாரும் கிளிஞ்சலையே பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு வேறொரு ஐயம்: கைபோர் போட்டபோது துளை சரியாமல் இருக்க என்ன ஊற்றினார்கள்? டெல்டாவில் நான் பார்த்த இடங்களிலெல்லாம் சாணியைக் கரைத்துத்தான் ஊற்றினார்கள். அப்படியானால் உங்கள் மாதிரியில் இந்த ஆண்டு மாடு மேய்ந்த புல்லின் மகரந்தமும், இந்த ஆண்டுக் கார்பனும் கலந்திருக்கின்றன. நெல் உட்பட எல்லாப் புல்லினங்களின் மகரந்தமும் ஒற்றைத் துளையுள்ள உருண்டையாக ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எது சாணியோடு வந்தது, எது பழையது என்று கண்ணாடித் தகட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. "9 மீட்டரிலேயே நெல் சாகுபடி" என்று யாராவது எழுதிவிடுவார்கள் என்பதே என் அச்சம்.

காலக்கணிப்பில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6,000 ஆண்டுப் பழமையான களியில் உள்ள கார்பனில் பத்தில் ஒரு பங்கு சாணியினுடையதாக இருந்தால், ஆய்வகம் தரும் வயது 5,150 என்ற அளவில் வரும். 850 ஆண்டுகள் காணாமல் போய்விடும். சிப்பியை அனுப்பினால் பிழை எதிர்ப்பக்கம் சாயும். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், அதில் வாழ்ந்து இன்று சாகிற மட்டியும் சுமார் 400 ஆண்டுப் பழமையானதுபோலத் தோற்றமளிக்கும். கழிமுகத்தில் ஆற்றுநீரும் கலப்பதால் அந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். எனவே ஒரே ஒரு மாதிரிக்குத்தான் பணம் என்றால், பெரிய சிப்பியை விட்டுவிடுங்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன தழைத்துணுக்குகளில்தான் உங்கள் பதில் இருக்கிறது. இலையும் சுள்ளியும் காற்றிலிருந்து கார்பனை எடுத்தவை. கடல்நீர்த் திருத்தம் தேவையில்லை. கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறை நிறமாலை முறைக்குச் சில மில்லிகிராம் போதும். மரத்துண்டாக இருந்தால் வேண்டாம், நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உள்வைரமாக அது இருக்கக்கூடும். வேராக இருந்தாலும் வேண்டாம்: பின்னாளில் மேலிருந்து இறங்கியதாக இருக்கலாம்.

மகரந்தமே பார்க்கலாம் என்று முடிவு செய்தால், ஒன்றை நினைவில் வையுங்கள். அலையாத்தி மரங்களில் சுரபுன்னை காற்றில் தூவும் மரம், மகரந்தத்தை வாரி இறைக்கும். இன்னொரு வகையான வெண்கண்டலைப் பூச்சிகள் நாடும். அதன் மகரந்தம் காட்டுக்குள்ளேயே குறைவாகத்தான் படியும். இன்றைய முத்துப்பேட்டையில் வெண்கண்டலே மேலோங்கி நிற்கிறது. ஆகையால் கருங்களியில் சுரபுன்னை மகரந்தம் மிகுதியாக வந்தால் அக்காலத்துக் காடு வேறு மாதிரியானது என்று சொல்லலாம். ஆனால் தகட்டில் எண்ணியதை அப்படியே மரக்கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லையும் ஓர் அலையாத்தி வகை மரத்தின் பெயர்தான் என்பதை வைத்து அங்கே கடல் இருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. தில்லை மரம் கண்டற்காட்டின் தரைப்பக்க விளிம்பில் வளர்வது. அது உவர்நிலத்துக்குச் சான்று, அலைக்குச் சான்றல்ல.

துகள்களைப் பிரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். முறையான புகைக்கூண்டு இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மகரந்தத் தகட்டுத் தொகுப்பு இருக்கிறது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது அவர் கொல்லப்பட்டார். கண்டற்காட்டு மகரந்தம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவருடைய நினைவு வராமல் இருப்பதில்லை.

மதகடி:

நான் ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளன். புதைபடிவம் பற்றி எதுவும் தெரியாது, மட்டம் தெரியும். தம்பி 9 மீட்டர் என்கிறார். எதிலிருந்து 9 மீட்டர்? வயலின் உயரம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு? கைபேசி காட்டும் உயரத்தில் சில மீட்டர்கள் முன்பின்னாக இருக்கும். நாகப்பட்டினக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் மூன்று மீட்டர்ப் பிழையோடு கடல்மட்டம் பேசுவது பயனற்றது. அருகிலுள்ள ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். மதகுகளின் அடித்தள மட்டமும் பாசனப் பிரிவு அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். அங்கிருந்து மட்டக்கருவி வைத்து வயல்வரை இழுத்துவாருங்கள். ஒருநாள் வேலை, இரண்டு ஆள் போதும். களி தன் பாரத்தாலேயே அமுங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அது எவ்வளவு என்பதை மண் இயலார் சொல்லட்டும்.

இன்னொன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்தில் போகும்போது வெளியே பாருங்கள். ஊரும் தோப்பும் மணல்மேட்டின்மேல், இடையிடையே தாழ்ந்த நிலம், மறுபடி மேடு. அந்த மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. பெரியவர்கள் சொல்வதற்குக் குழி தோண்டாமலே கிடைக்கிற ஆதாரம் அது.

மட்டியும் மணலும்:

மதகடி ஐயா சொன்ன மணல்மேடுகளை வழிமொழிகிறேன். அந்த மணலுக்குக் கார்பன் முறையைவிட ஒளித்தூண்டல் முறை பொருந்தும். மணற்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை அது அளக்கிறது.

தம்பி, நான் முதலில் எழுதியபோது உங்கள் பதிவின் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. 14 மீட்டரில் சுக்கான் கலந்த இறுகிய மஞ்சள் மண் என்றீர்கள். சுக்கான் நீருக்கடியில் அப்படி உருவாவதில்லை. மழை பெய்து, வெயிலில் காய்ந்து, மண்ணுக்குள் சுண்ணாம்பு இறங்கித் திரளுவதற்கு அந்த இடம் நெடுங்காலம் திறந்த தரையாக இருந்திருக்க வேண்டும். மஞ்சள் நிறமும் இரும்பு காற்றுப் பட்டதால் வந்தது. ஆக, போர் போட்டவர்கள் "இனிப் பயனில்லை" என்று நிறுத்திய அந்த இடம், கடல் தாழ்ந்திருந்த காலத்தின் பழைய தரையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதற்கு மேல் கருங்களி எங்கே தொடங்குகிறதோ அந்த எல்லைதான் ஓதநீர் முதன்முதலாக அந்த வயலுக்குள் வந்த தருணம். எல்லைக்கு ஓரிரு விரற்கடை மேலே ஒரு தழை கிடைத்தால், உங்கள் ஒற்றை மாதிரியை அதற்கே செலவிடுங்கள். 9 மீட்டர் மட்டி "இங்கே உப்பங்கழி இருந்தது" என்று மட்டும் சொல்லும். 14 மீட்டர்த் தழையோ அது எப்போது வந்தது என்பதைச் சொல்லும்.

ஆனால் சாணித் துளையிலிருந்து வந்த மண்ணை வைத்து இதைச் செய்ய முடியாது. மேலடுக்கும் கீழடுக்கும் கலங்கி வந்திருக்கும். 9 மீட்டரில் வந்ததாக நீங்கள் குறித்த சிப்பி எட்டிலிருந்தும் சரிந்திருக்கலாம்.

முள்ளியாற்றங்கரை:

'மட்டியும் மணலும்' அம்மாவுக்கும், மகரந்த ஆய்வாளருக்கும், மதகடி ஐயாவுக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊற்றியது சாணிதான். மாமாவைக் கேட்டபோது, இரண்டு கூடை என்று பெருமையாகச் சொன்னார். ஆகவே பழைய மாதிரி முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். முதல் துளையிலிருந்து ஆறடி தள்ளி, வெறும் தண்ணீர் மட்டும் விட்டு, மேல்மணல் சரியாமல் இருக்க உறைக்குழாய் இறக்கி இரண்டாவது துளை போட்டோம். கருங்களி தொடங்கியதும் ஒன்றரை அங்குல இரும்புக் குழாயை மேலிருந்து அடித்து இறக்கி, ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் நீளத்துக்கு மண்ணைக் கலங்காமல் எடுத்தோம். 12 மீட்டருக்குக் கீழே இரண்டு குழாய் வளைந்துவிட்டன, ஆனாலும் எல்லை கிடைத்தது: 13.8 மீட்டரில், கத்தியால் வெட்டியதுபோல் கறுப்புக்குக் கீழே மஞ்சள்.

சல்லடையில் கழுவிப் பார்த்ததில் 8 முதல் 11 மீட்டர் வரை அமோனியா ஏராளம், மிதவை வகை ஒன்றுகூட இல்லை. 8.6 மீட்டரில் வாய்மூடிய மட்டி இரண்டு கிடைத்தன. ஒன்றைத் திறந்தபோது உள்ளே இருந்த சேற்றின் நிறமும் வெளிச்சேற்றின் நிறமும் ஒன்றாகவே இருந்தன. ஆய்வேட்டுத் தலைப்பில் "கடல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "உப்பங்கழி" என்று மாற்றிவிட்டேன். வழிகாட்டி சற்று முகம் சுளித்தார், மட்டியைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ரயில் நிலையப் பலகையிலிருந்து மட்டம் இழுத்ததில் வயல் நான் கைபேசியில் பார்த்ததைவிட 1.9 மீட்டர் தாழ்வாக வந்தது. முதலில் நம்பாமல் திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தோம், அதே எண்தான்.

எல்லைக்கு மேலே 3 சென்டிமீட்டரில், நகத்தளவு இலைத்துணுக்கு ஒன்று நரம்புகூடத் தெரியும்படி கிடைத்திருக்கிறது. அதைத்தான் அனுப்பப் போகிறேன். ஆய்வகத்திலிருந்து முறை வரும்வரை குழாய்கள் அனைத்தும் மாமா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மோர்ச்சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றுக்கு மூன்று உறை சுற்றியும் அழுகிய முட்டை நாற்றம் நிற்கவில்லை என்பதால், வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அத்தை கெடு வைத்திருக்கிறார். திருவாரூர்ப் பக்கம் குளிர்சேமிப்பு வசதியுள்ள கல்லூரி ஆய்வகம் எதிலாவது இரண்டு மாதம் இடம் கிடைக்குமா என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.